ஆடு கட்டிய கல்

மே 20, திங்கள்

ஜலால் இன்றுதான் வாயைத் திறந்தான். வெள்ளிக்கிழமை ஜும்மாவில் அறிவித்ததை மூன்று நாள் பொத்தி வைத்திருந்து, இன்று காலை இடியாப்பத்தைப் பிசைந்துகொண்டே சொல்கிறான்: "லாத்தா, மையவாடியில மண் அடிக்கப் போறாகளாம்." கூடப் பிறந்த தம்பிதான். ஆனாலும் ஒரு விஷயத்தை மூன்று நாள் அமுக்கி வைக்கிறவனை எப்படி நம்புவது?

மையவாடியில் இடமில்லையாம். எங்கே குழி வெட்டினாலும் பழைய எலும்பு வருகிறதாம். அதனால் நாலடி உயரத்துக்குச் செம்மண் கொட்டி, அதன்மேல் இனிப் புதுக் கபுர்கள். ஜூன் 14க்குள் வந்து அடையாளம் காட்டுகிறவர்களின் கபுரில் நட்டிருக்கும் மீசான் கற்களை மட்டும் பிடுங்கி, மேல்மண்ணில் அதே இடத்தில் நட்டுத் தருவார்கள். மற்றதெல்லாம் அடியில் போக வேண்டியதுதான்.

உம்மாவைப் பெற்றவள் அங்கேதான் கிடக்கிறாள். பெயர் செய்னம்பு நாச்சி. உம்மாவுக்கு இரண்டு வயதாக இருந்தபோது ஊரில் வாந்திபேதி வந்து போய்ச் சேர்ந்தவள். பெயர்ப் பலகை எதுவும் கிடையாது. வாப்பாவிடம் கேட்டால், "அது எப்பவோ மண்ணுக்குள்ள போயிருச்சு, விடு" என்பார். வாப்பா இருபது வருஷம் ஜமாஅத் செயலாளராக இருந்தவர். அவர் சொன்னால் அதற்குமேல் எங்கள் வீட்டில் பேச்சு இல்லை. மௌத்தாகிப் பத்து வருஷம் ஆகிறது, இன்னும் இல்லை.

உம்மா சுபைதாவுக்கு எண்பத்து மூன்று. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வாரக் கணக்கில்தான் பேசினார். உம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை. "எங்க உம்மா பக்கத்துல என்னைக் கொண்டு போய் வைங்க. வேற ஒண்ணும் வேணாம்."

இதில் எனக்கு ஒரு பெரிய இக்கட்டு. எங்கள் ஊரில் பெண்கள் மையவாடிக்குள் போகும் வழக்கம் இல்லை. தேட வேண்டியவள் நான், ஆனால் பார்க்கப் போகிறவர்கள் ஆண்கள். அவர்கள் வந்து சொல்வதை நான் நம்ப வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். பார்த்து எழுதினவனை முகத்தை வைத்தே பிடிப்பேன். வீட்டில் எனக்கு 'வசுவாசு பிடிச்சவ' என்று பெயர். சந்தேகப்படுவது ஒரு நோய் என்றால் அது எனக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜலாலுக்குப் பாடம் நடத்தி அனுப்பியிருக்கிறேன். ஆண் கபுருக்கு இரண்டு கல், தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. பெண் கபுருக்கு நடுவிலும் ஒன்று, ஆக மூன்று. மூன்று கல் உள்ளதை மட்டும் பார், மற்றதைத் திரும்பிக்கூடப் பார்க்காதே.

பக்ரீத் பெருநாள் கிடா நேற்று வந்தது. கிணற்றடிக் கல்லில் கட்டியிருக்கிறேன். முழங்கால் உயரக் கல், மேல்முனையில் கை நுழைகிற மாதிரி ஒரு துளை. கயிறு கட்ட அதைவிட வசதி எது? நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வாப்பா நட்டது, ஆடு கட்டத்தான் என்று சொன்னதாக ஞாபகம். உம்மா சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள். "அதுல ஏன்டி கட்டுறே? முருங்கையில கட்டு!" வாப்பா இருந்தவரை பெருநாள் கிடா முருங்கையில்தான் நின்றது, அதுவும் நிஜம்தான். முருங்கைப் பட்டையைக் கிடா உரித்துத் தின்றுவிடும் என்றேன். உம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மே 23, வியாழன்

ஜலால் நான்கு படம் அனுப்பினான். கீழே ஒரு வரி: "தெக்கு மூலை முழுக்கப் பாத்தாச்சு. மூணு கல் கபுரே இல்ல."

கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். இரண்டாவது படத்தில் ஒரு தண்ணீர்க் குழாய் தெரிகிறது. அந்தக் குழாய் வாசலை ஒட்டி இருப்பது. முப்பத்திரண்டு வருஷம் அந்த வாசலைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனவளுக்கா தெரியாது? உடனே போன் போட்டேன்.

"டேய், குழாய் எப்படா தெக்கு மூலைக்கு நடந்து போச்சு?"

இருமினான். பிறகு, "அங்க ஒரே கள்ளி முள்ளு லாத்தா. பாம்பு இருக்குன்னு சொல்றாக. நான் சர்க்கரைக்காரன்..."

ஐம்பத்திரண்டு வயதில் பொய். பத்துக்கு ஒன்று போட்டேன், அதுவும் படம் தெளிவாக இருந்ததற்காக. எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். உம்மா எத்தனை நாள் இருக்கப் போகிறாள் என்று இவனுக்கும் தெரியுமே.

மே 24, வெள்ளி

உம்மா சொன்னபடி கிணற்றடி மருதாணிக்கு ஒரு செம்பு தண்ணீர். எழுந்து நடந்த காலத்தில் வெள்ளிதோறும் அவளே ஊற்றுவாள். கல்லின் மேல் படுகிற மாதிரி ஊற்ற வேண்டுமாம். செடிக்கா கல்லுக்கா என்று கேட்டேன். தூங்குகிற மாதிரி நடித்தாள். உம்மாவுக்கு நடிப்பும் வராது.

மே 25, சனி

இன்று உம்மா கொஞ்சம் தெளிவாக இருந்தாள். அரிசிக் கஞ்சி மூன்று கரண்டி இறங்கியது. இதுதான் நேரம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உம்மா, இடம் எதுன்னு சரியாச் சொல்லுங்க."

"தெக்குச் சுவத்துல ஒரு ஓட்டை உண்டு. அதுல கண்ணை வச்சா நேரெதிர்ல தெரியும். பத்து எட்டு தூரம்."

"நீங்க எப்ப அந்த ஓட்டையில கண்ணை வச்சீக?"

போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள்.

"சரி, மூணு கல்லுதானே?"

"கல்ல எண்ணாதே புள்ள. இடத்தைப் பாரு."

"பொம்பள கபுருக்கு மூணு கல்லுதானே உம்மா இருக்கணும்?"

"கல்ல எண்ணாதேங்கிறேன்ல!"

இவ்வளவு கோபம் எதற்கு? சிறுநீரகம் கெட்டால் மூளையிலும் தடுமாற்றம் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவாகத்தான் இருக்கும்.

மே 27, திங்கள்

நானே போனேன். மையவாடிக்கு வெளியே, தெற்குச் சந்தில் நிற்பதை யாரும் தடுக்க முடியாது. குடை பிடித்துக்கொண்டு, ஏதோ அந்த வழியாகப் போகிறவள் மாதிரி இரண்டு முறை நடந்தேன்.

சுவர் பழைய செங்கல் சுவர். ஓட்டை இல்லை. ஆனால் என் தோள் உயரத்தில் ஒரு இடத்தில் மட்டும் வேறு கல், வேறு பூச்சு. யாரோ அடைத்திருக்கிறார்கள். பூச்சு ஒழுங்காக இல்லை. கொத்தனார் வேலை அல்ல, கரண்டி பிடித்துப் பழகாத கை. யார் அடைத்தது? எதற்காக?

நிற்கும்போது ஒன்று நினைவு வந்தது. எனக்கு எட்டு வயதிருக்கும். உம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு சாயங்காலம் அஸர் நேரத்தில் இந்தச் சந்துக்கு வருவாள். நான் ஆடு மேய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். உம்மாவும் ஆடு பார்க்கத்தான் வந்தாள் என்று இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தின வருஷம்தான் எனக்கு ஒரு தங்கை பிறந்து நாற்பது நாளில் போனாள்.

வெயிலில் வந்ததில் முழங்கைத் தழும்பு அரிக்கிறது. அந்த வயதில்தான் அடுப்பில் இருந்த பால் என்மேல் கொட்டியது. தேங்காயெண்ணெய் தடவினேன்.

மே 28, செவ்வாய்

இம்முறை ஜலாலை விடவில்லை. பூட்ஸ் வாங்கிப் போடச் சொன்னேன். கையில் கம்பு. வீடியோ காலில் என்னை வைத்துக்கொண்டேதான் நடக்க வேண்டும் என்றேன். பாவம், "பிஸ்மில்லாஹ், பிஸ்மில்லாஹ்" என்று ஒவ்வொரு எட்டுக்கும் சொல்லிக்கொண்டே போனான். சுவரில் அடைத்த இடத்துக்கு முதுகைக் கொடுத்து நின்று, பத்து எட்டு வை என்றேன்.

"லாத்தா, இங்க ஒரு கபுர் இருக்கு. ஆனா ரெண்டு கல்லுதான். ஆம்பள கபுர்."

அப்படியானால் விஷயம் தெளிவு. உம்மாவைப் பெற்றவளை வைத்த இடத்தில் யாரோ ஒரு ஆணைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். மையவாடிப் பொறுப்பு இப்போது யார் கையில்? நெய்னா மச்சான் கையில். வாப்பாவின் தங்கை மகன், வாப்பாவுக்குப் பிறகு செயலாளர். அவருடைய வாப்பாவும் சாச்சாவும் தெற்குப் பக்கம்தான் அடக்கம். குடும்பத்தையே ஒரு பக்கமாக அடுக்குகிறார் போலிருக்கிறது. ஓட்டையை அடைத்ததும் இந்தக் கூட்டமாகத்தான் இருக்கும்.

படம் எடுக்கச் சொன்னேன். பேட்டரி தீர்ந்துவிட்டதாம். நம்பலாமா?

மே 30, வியாழன்

நெய்னா மச்சான் வீட்டுக்குப் போனேன். சும்மா போகவில்லை. கேள்விகளைத் தாளில் எழுதி, வரிசை எண் போட்டு எடுத்துப் போனேன். மச்சான் என்னைவிட ஐந்து வயது மூத்தவர், வெள்ளைத் தாடி, தொப்பி, எல்லோரும் ஸலாம் சொல்கிற ஆள். என் தாளைப் பார்த்ததும் அவருக்கு வியர்த்தது. மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"மச்சான், தெக்குச் சுவத்துக்குப் பத்து எட்டுல இருக்கிற ரெண்டு கல் கபுர் யாரோடது?"

"அது... பழசு, ஜுலைகா. பதிவுல இல்ல."

"சுவத்து ஓட்டையை அடைச்சது யாரு?"

"அதெல்லாம் எப்பவோ..."

"எங்க உம்மாவோட உம்மா அங்கதான் இருந்தாக. நடுக்கல்லைப் பிடுங்கிட்டு ஆம்பள கபுரா ஆக்கினது யாரு? சொல்லுங்க மச்சான். நான் ஜமாஅத்துல எழுதிக் குடுப்பேன். மேலேயும் போவேன்."

அவர் எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றார். "மாமாவைப் பத்தி என் வாயால பேச வைக்காதே. கபுர்ல இருக்கிற மனுஷன். உனக்கு வேணும்னா குழி வெட்டுற மைதீன் பிச்சையைக் கேளு."

பார்த்தீர்களா? மாட்டிக்கொண்டதும் செத்துப்போன என் வாப்பாவை இழுக்கிறார். வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் மனைவி கொண்டுவந்து வைத்த ரோஸ்மில்க்கைத் தொடாமல் வந்துவிட்டேன்.

ஜூன் 1, சனி

டாக்டர் வந்து போனார். உம்மாவின் கால் வீக்கம் முழங்காலைத் தாண்டிவிட்டது.

ஜூன் 3, திங்கள்

ஜலால் படம் அனுப்பிவிட்டான், கேட்காமலே. குழாய் இல்லை. அடைத்த சுவர் பின்னால் தெரிகிறது. சரியான இடம்தான். பத்துக்கு எட்டு போடலாம்.

கபுர் கள்ளிக்குள் பாதி மறைந்திருக்கிறது. இரண்டு கல்லும் முழங்கால் உயரம். நடுவில் கொஞ்சம் பள்ளமாக இருக்கிறது. ஊரில் மற்றவர்கள் வைக்கிற மாதிரிக் கொத்திய கல் இல்லை. கல்லின் மேல்முனையில் துளை இருக்கிறது. இரண்டிலும் இருக்கிறது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு போனை அணைத்து வைத்தேன்.

இன்று சாளை மீன் வாங்கினேன். நல்ல விலைமீனும் இருந்தது, வாங்கவில்லை.

கிடாவை முருங்கையில் மாற்றிக் கட்டினேன். காரணம் ஒன்றும் இல்லை. கிணற்றடி வழுக்குகிறது.

ஜூன் 4, செவ்வாய்

எழுத எதுவும் இல்லை. முருங்கைப் பட்டை பாதி போய்விட்டது.

ஜூன் 6, வியாழன்

மைதீன் பிச்சை காக்காவை வரச் சொல்லியிருந்தேன். எழுபத்தைந்து வயது. அவர் வாப்பா காலத்திலிருந்து மையவாடியில் குழி வெட்டுவது அவர்கள் குடும்பம்தான். நாற்காலி போட்டேன். உட்காராமல் நேராகக் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தார். கிணற்றடியில் கண் நின்றது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

"காக்கா, தெக்கு மூலையில துளை போட்ட ரெண்டு கல்லு. யாரோடது?"

"ரெண்டு இல்ல டீச்சரம்மா. மூணு."

"மூணாவது எங்க?"

"அதான் உங்க வீட்டுலயே நிக்குதே."

"பொய் சொல்லாதீக!"

"நான் ஏன் பொய் சொல்லணும்? அது தோணிக்கு நங்கூரமாப் போடுற கல்லு. கயிறு கட்டத்தான் துளை. உங்க உம்மாவைப் பெத்தவரு தோணிக்காரரு. பொஞ்சாதி மௌத்தானதும், இனிமே கடலுக்குப் போகலைன்னு தோணியை வித்துட்டு, மூணு நங்கூரக் கல்லையும் கொண்டாந்து அந்தம்மா கபுர்ல நட்டாரு. அந்த மாதிரி மீசான் ஊர்லயே வேற யாருக்கும் கிடையாது. எங்க வாப்பா சொல்லுவாக."

"நடுக்கல்லை எடுத்தது யாரு?"

அவர் தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "உங்க வாப்பா. நான்தான் கடப்பாரை போட்டேன். எனக்கு அப்ப இருபத்தோரு வயசு."

அவர் சொல்லிக்கொண்டே போனார். நாற்பது நாள் பிள்ளை போன பிறகு உம்மா ஒவ்வொரு அஸருக்கும் அந்த ஓட்டைக்குப் போய்விடுவாளாம். பெற்றவளோடு மணிக்கணக்கில் பேசுவாளாம். வீட்டில் அடுப்பு எரியும், அரிசி கருகும். ஊர் பித்து என்று பேச ஆரம்பித்துவிட்டது. ஒரு நாள் என்னைக் கூட்டிப் போகாமல் தனியாகப் போயிருக்கிறாள். அன்றைக்குத்தான் அடுப்பில் இருந்த பாலை நான் இழுத்துவிட்டேன்.

"மறுநாள் காலையில உங்க வாப்பா வந்தாக. 'மைதீனு, சுபைதா இப்படியே இருந்தா என் புள்ளைக்கு உம்மா இல்லாமப் போயிரும்டா. அந்தக் கபுர் அவ கண்ணுக்குத் தெரியக் கூடாது'ன்னாக. நடுக்கல்லை எடுத்துட்டா ஆம்பள கபுரு, யாருக்கும் அடையாளம் தெரியாது. ஓட்டையை அவுகளே அடைச்சாக, கொத்தனாரைக் கூப்பிட்டா சேதி வெளிய போயிரும்னு. உங்க உம்மாகிட்ட 'மண்ணடிச்சதுல போயிருச்சு'ன்னு சொல்லிட்டாக. கல்லைத் தூர எறியச் சொன்னேன். 'மீசான் கல்லுடா, எறிய மனசு வரலை'ன்னு மாட்டுவண்டியில ஏத்தி இங்க கொண்டாந்தாக. நெய்னாவுக்கு அவுகளே கடைசிக் காலத்துல சொல்லியிருக்காக."

மைதீன் பிச்சை காக்கா போகும்போது டீ குடிக்கச் சொன்னேனா என்று ஞாபகம் இல்லை.

ஜூன் 7, வெள்ளி

ஜலாலைச் சந்தேகப்பட்டேன். நெய்னா மச்சானைச் சந்தேகப்பட்டேன். அவர் வீட்டு ரோஸ்மில்க்கைக்கூடச் சந்தேகப்பட்டேன். வீட்டுக்குள் ஒருவரை மட்டும் விட்டுவைத்தேன்.

வாப்பா, என்ன வேலை செய்து வைத்திருக்கிறீர்கள்? இரண்டு வயதில் பெற்றவளைப் பறிகொடுத்தவளுக்கு மிச்சம் இருந்தது மூன்று கல். அதிலும் ஒன்றைப் பிடுங்கினீர்கள். ஐம்பது வருஷத்துக்கு மேலாக அந்தக் கல்லின் பக்கத்திலேயே நின்று துணி துவைத்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. பத்து நாளுக்கு மேல் நான் அதில் கிடா கட்டினேன். அது புழுக்கை போட்டது, நான் பெருக்கி அள்ளினேன். எனக்கு இன்று முழுக்க அழுகை நிற்கவில்லை.

என் தழும்பைப் பார்த்தால் உங்கள்மேல் கோபப்படவும் முடியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். கல்லின் மேல் படுகிற மாதிரி.

ஜூன் 9, ஞாயிறு

உம்மாவிடம் சொல்லிவிடுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். சாகப்போகிற நேரத்தில் புருஷன்மேல் வெறுப்பை ஊட்டுவானேன்? சொல்லாவிட்டால் நானும் வாப்பா மாதிரிதானே?

கால் அமுக்கிக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தேன். "உம்மா, இடம் கிடைச்சிருச்சு. ரெண்டு கல்லு இருக்கு."

உம்மா கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள், "மூணாவதுதான் கிணத்தடியில நிக்குதுல்ல."

கால் அமுக்கிய கையை எடுத்தேன். "உங்களுக்குத் தெரியுமா?"

"வண்டியில வந்து எறங்கின அன்னைக்கே தெரியும். அந்த ஓட்டை வழியா அந்தக் கல்லத்தானே தினமும் பாத்துக்கிட்டு இருந்தேன். எனக்குத் தெரியாதா? ஆடு கட்டக் கல்லுன்னாக. சரின்னேன்."

"ஒரு வார்த்தை கேக்கலையா உம்மா? சண்டை போடலையா?"

"என்னத்துக்கு? எங்க உம்மாவைப் பாக்க நான் சந்துல போய் நின்னேன். அவுக எங்க உம்மாவையே வீட்டுக்குக் கொண்டாந்துட்டாக. அவுக நெனச்சது வேற, நடந்தது வேற. பக்கத்துலயே மருதாணி வச்சேன். காலையில எந்திரிச்சா அது மூஞ்சியிலதான் முழிப்பேன். அப்புறம் நான் ஏன் அங்க போகணும்?"

"வாப்பாகிட்ட உங்களுக்குத் தெரியும்னு..."

"சொல்லல. கிடாவை அவுக அதுல கட்ட மாட்டாக. முருங்கையில கொண்டு போய்க் கட்டுவாக. ஆடு கட்டக் கொண்டாந்த கல்லுன்னு சொன்ன மனுஷன்! எனக்குச் சிரிப்பு வரும். சிரிச்சா தெரிஞ்சு போயிரும்னு உள்ள போயிருவேன்." உம்மா நிஜமாகவே சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, தண்ணீர் கொடுத்தேன்.

"பின்ன ஏன் உம்மா இத்தனை நாள் என்னை இப்படி அலைய விட்டீக? முதல்லயே ரெண்டு கல்லைத் தேடுன்னு சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா ஏன்னு கேப்பே. நீ கேட்டா விடுவியா? உங்க வாப்பாவ நீ தலையில தூக்கி வச்சிருக்கே. அதை நான் எதுக்குடி எறக்கி வைக்கணும்?"

நான் அவள் காலில் தலையைச் சாய்த்து அழுதேன். உம்மா என் தழும்பைத் தடவினாள். இத்தனை வருஷத்தில் அவள் அதைத் தொட்டதே இல்லை. அது இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

"அன்னைக்கு உன்னை விட்டுட்டுப் போனது நான்" என்றாள்.

வாப்பா, உங்கள் விடைத்தாளைத் திருத்த எனக்குத் தெரியவில்லை. அப்படியே மடித்து வைக்கிறேன்.

ஜூன் 13, வியாழன்

கடைசி நாளுக்கு ஒரு நாள் முன்பாக ஜலால் போய் அடையாளம் காட்டிவிட்டான். கள்ளியை வெட்டி, இரண்டு கல்லிலும் பச்சைப் பெயின்ட் வைத்தானாம். பதிவேட்டில் நெய்னா மச்சானே தன் கையால் எழுதினார்: செய்னம்பு நாச்சி. பக்கத்தில் ஆறடி உம்மாவுக்கு என்று விட்டு வைக்கச் சொல்லியாகிவிட்டது. நான் மச்சான் வீட்டுக்குப் போய், நானே கேட்டு ரோஸ்மில்க் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். மன்னிப்பு கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. அவருக்குப் புரிந்திருக்கும்.

மூன்றாவது கல்லையும் எடுத்துப் போகிறோம் என்று உம்மாவிடம் சொன்னேன். சம்மதிக்கவில்லை.

"நான் இருக்கிற வரைக்கும் அது இங்க இருக்கட்டும். இப்ப எடுத்துட்டா எனக்கு இங்க யாரு இருக்கா? என்னைக் கொண்டு போற அன்னைக்கு அதையும் கூடக் கொண்டு போங்க. சேர்ந்தே போறோம்."

ஜூன் 17, திங்கள்

பெருநாள். முருங்கை அநேகமாகப் பட்டுப்போகும்.

ஜூன் 22, சனி

லாரி லாரியாகச் செம்மண். சத்தம் வீடு வரை கேட்கிறது. பச்சை வைத்த இரண்டு கல்லையும் மேலே நட்டுவிட்டதாக ஜலால் சொன்னான். நடுவில் ஒரு கல்லுக்கு இடம் விட்டிருக்கிறார்களாம். உம்மா பேச்சைக் குறைத்துவிட்டாள். சன்னல் பக்கமாகவே படுக்க வைத்திருக்கிறேன்.

ஜூலை 3, புதன்

விடிகாலை சுப்ஹுக்குப் பிறகு உம்மா போய்விட்டாள். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

நான்தான் குளிப்பாட்டினேன். வீக்கம் எல்லாம் வடிந்த மாதிரி, கால் சின்னப் பிள்ளைக் கால் மாதிரி இருந்தது.

மதியம் லுஹருக்கு உம்மாவைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கினார்கள். மைதீன் பிச்சை காக்கா காலையிலேயே வந்து கடப்பாரை போட்டுக் கல்லைப் பெயர்த்து வைத்திருந்தார். மண்ணுக்குள் இருந்த பாதி வெளியே வந்ததும் பார்த்தேன், வெளியே நின்ற பாதி மாதிரித் தேயாமல் புதுசாக இருந்தது. ஜலால் அதைத் தோளில் போட்டுக்கொள்ள வந்தான். ஐம்பத்திரண்டு வயசு, சர்க்கரை, வேண்டாம்டா என்றேன். கேட்கவில்லை. சந்தூக்குக்குப் பின்னால் அவன் அந்தக் கல்லைச் சுமந்துகொண்டு போனான். தெருமுனை வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குமேல் பெண்கள் போவதில்லை.

ஜூலை 4, வியாழன்

காலையில் ஜலால் போன் பண்ணினான். மறுபடி மையவாடிக்குப் போய்விட்டு வந்தானாம்.

"லாத்தா, நேத்தே மூணாவது கல்லு நட்டாச்சு. அந்த இடத்துல கச்சிதமா உக்காந்துச்சு. பக்கத்துலயே உம்மா. படம் எடுத்து வச்சிருக்கேன். இப்ப அனுப்பவா? குழாய் எல்லாம் இல்லை, நல்லாப் பாத்து மார்க் போடுங்க." சிரிக்கப் பார்த்தான், குரல் உடைந்தது.

"வேணாம்டா. நீ சொன்னாப் போதும்."

பயந்த குரலில் கேட்டான்: "லாத்தா, உங்களுக்கு உடம்பு எதுவும் சரியில்லையா?"

கிணற்றடியில் கல் இருந்த குழி அப்படியே இருக்கிறது. மூடவில்லை. நாளை வெள்ளி. ஒரு செம்பு தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். மருதாணிக்குத்தான் ஊற்ற வேண்டும்.